மூன்று தடவை

இஸ்திரிப் பெட்டியைச் செருகுவதற்கு முன்னால் சோசி குளியலறைப் பக்கம் போய்த் தண்ணீர் ஹீட்டரை அணைத்தாள். ஜெனரேட்டர்காரன் வீட்டுக்குக் கொடுப்பது ஐந்து ஆம்பியர். அதில் இரண்டும் ஒன்றாக ஓடாது. ஓடவிட்டால் வாசல் கதவோரம் இருக்கும் பிரேக்கர் டக்கென்று விழுந்து வீடே இருண்டுவிடும். இந்தப் புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். இந்த வீட்டில் நாற்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு மட்டும் கடைசி நாள்வரை மறந்து மறந்து போனது.

அப்பாவின் வெள்ளைச் சட்டை அது. காலர் ஓரம் நைந்திருந்தது. கோட்டுக்குள்ளே போய்விடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அத்தை அஸ்னிவ் முடிவு கட்டிவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. செவ்வாய்க்கிழமை செய்தி கேட்டு ஓடிவந்தவள், இந்த மூன்று நாளாக வீட்டை அவள்தான் நடத்துகிறாள். அடக்கம் இன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு.

"ஆமா பாதர். காலைல பத்து மணி. கரெக்டா பத்து." அத்தை போனில் பாதிரியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பால்கனி விளக்கைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்கார். மகளுக்குக் குட்மார்னிங் சொல்றாராம். தினமும் அப்படித்தான். அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போயிருக்கார் பாருங்க. படுத்த படுக்கை, கஷ்டம், ஒண்ணும் இல்ல. நீங்க கோயில்ல அதைச் சொல்லுங்க பாதர். நாலு பேர் கேக்கட்டும்."

சோசி சட்டையின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். இந்தக் கதையை முதலில் சொன்னவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டாக்டர் இருக்கும்போது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று யாரோ கேட்க, வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் மாடிப்படியிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஏறினார்கள். இன்றைக்கு ஒரு மணிக்குச் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பாதிரியாரும் சொல்லப்போகிறார்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிற்று. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி அப்பாவின் கண்ணாடி, செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"டை எது?" என்றான் வாகே. விடிகாலை விமானத்தில் தோஹாவிலிருந்து வந்த அண்ணன். அங்கே பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதன வேலை பார்க்கிறான். வந்ததிலிருந்து உட்காரவில்லை. சமையலறை வாசலில் நிற்பதும், ரேடியோவை அணைப்பதும், திரும்ப வந்து நிற்பதுமாக இருந்தான்.

"நீலம்."

"நீலம் ஸ்கூல் டையாச்சே. முப்பத்தஞ்சு வருஷம் அதையே கட்டிட்டு வேதியியல் எடுத்தார். போற எடத்துக்குமா?"

"வேற டை இல்லண்ணா. நீ வாங்கிக் குடுத்தது பெட்டியோடவே இருக்கு. பட்டுன்னு சொல்லிப் பயந்துட்டுக் கட்டவே இல்ல."

வாகே நீல டையை மடித்து அத்தையின் பைக்குள் வைத்தான். சட்டை, கோட்டு, ஷூ எல்லாவற்றையும் அத்தை ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. சோசி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அத்தை படியிறங்கிப் போன பிறகு வாகே சொன்னான். "பத்து மணிக்கு விளக்குப் போட்டார்னியே. அந்தச் சுவரை நான் பாத்ததே இல்ல. ஈஸ்டருக்கு வரேன்னேன், வரல. போய்ப் பாத்துட்டு வந்துடலாமா? நேரம் இருக்கில்ல?"

மணி எட்டே முக்கால். நேரம் இருந்தது.

"அப்புறமாப் பாக்கலாம்ணா."

"அப்புறம்னா எப்போ? நாளன்னைக்கு எனக்கு ஃபிளைட்."

*

சோசி செய்கிற வேலைக்கு அத்தையால் இன்னும் ஒரு பெயர் வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் லைட்டை வைத்து என்னவோ கலை என்பாள். அது கிட்டத்தட்ட சரிதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரந்தீனாவில், பழைய மரக்கிடங்கைக் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒரு நீளச் சுவரில் இருபத்துமூன்று பல்புகள். அப்பாவின் வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்சாரப் பொருளுக்கும் ஒன்று. கெட்டிலுக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, ரேடியோவுக்கு, குளியலறை விளக்குக்கு, எல்லாவற்றுக்கும். இங்கே நான்காம் மாடியில் அப்பா கெட்டிலைப் போட்டால் அங்கே அந்தப் பல்பு எரியும், அதோடு மெல்லிய ஒரு முனகலும் கேட்கும். பிளக்குகளில் மாட்டிய சின்ன உணரிகள் ஒரு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி இணையம் வழியாகச் சுவருக்குச் சொல்லும். மின்சாரம் நாளைக்குப் பத்து தடவை போய்வரும் ஊரில் ஒரு கிழவனின் நாள் எப்படிப் போகிறது என்பதைச் சுவரில் பார்க்கலாம். படைப்பின் பெயர் 'நான்காம் மாடி'.

"என் வீட்ல பாக்க என்னடி இருக்கு?" என்று அப்பா முதலில் சிரித்தார். "கெட்டில் இருக்கு."

"அதான்ப்பா வேணும்."

பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கெட்டிலைப் போடுவார். வந்தவர்களுக்குப் போரடிக்கக் கூடாதாம். காட்சிக்கூடம் திறக்கும் பத்து மணிக்குப் பால்கனி விளக்கை மூன்று தடவை போட்டு அணைப்பார். அது சோசிக்கு. அவள் போனை எடுத்து ஒரு சூரியப் படம் அனுப்புவாள். அப்பாவுக்குப் படம் திருப்பி அனுப்பத் தெரியாது. எனவே பேச்சு அதோடு முடியும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வாரம் வீட்டில் மின்சாரம் போகும்போதெல்லாம் தொடர்பு அறுந்து சுவர் முழுக்க இருட்டானது. பார்க்க வந்தவர்கள் ரிப்பேரா என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதனால் சோசி ஒரு வேலை செய்தாள். வீட்டிலிருந்து செய்தி வராத நேரங்களில், முந்தின நாள் அதே நேரத்தில் எரிந்ததைச் சுவர் திரும்பக் காட்டும்படி எழுதினாள். அதற்கு அவளாக வைத்துக்கொண்ட பெயர் ஒட்டு. கிழிந்த இடத்துக்கு நேற்றைய துணியால் ஒரு ஒட்டு. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவளுடைய மேஜைத் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் எரியும்.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"ரீடிங் கெடைக்கலேன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விடணும். நேத்துப் பக்கத்தைப் பாத்து எழுதற பையனுக்கு நான் என்ன போடுவேன் தெரியுமா?"

"முட்டை. தெரியும்ப்பா. ஆனா இது லேப் இல்ல, கண்காட்சி."

"அப்ப உனக்கும் முட்டைதான்," என்று சொல்லிவிட்டுக் கெட்டிலைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சுவரில் பால்கனி பல்பு மூன்று தடவை எரிந்து அணைந்தது. கூடத்தில் நாற்பது பிள்ளைகள், ஒரே இரைச்சல். சோசி சூரியப் படம் அனுப்பினாள். பத்தே கால் இருக்கும், தோஹாவிலிருந்து வாகே கூப்பிட்டான். ஒன்பதரையிலிருந்து அப்பா போனை எடுக்கவில்லை, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்றான். "இப்பத்தாண்ணா விளக்குப் போட்டார். மூணு தடவை. போனை எங்கயாவது வெச்சுட்டுத் தேடிட்டு இருப்பார்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மேஜைத் திரையில் மஞ்சள் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். அது பாதி நாள் எரிவதுதான்.

வாராவாரம் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போவாள். அன்றைக்கும் போனாள். கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டினால் எரியவில்லை. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கர் விழுந்திருந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில், பிரேக்கர் பக்கமாகக் கையை நீட்டியபடி அப்பா கிடந்தார். அடுப்புமேடையில் கெட்டில் நிறையத் தண்ணீர், கொதிக்காத தண்ணீர். குளியலறை ஹீட்டரின் சுவிட்சு போட்டபடியே இருந்தது.

மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, மத்தியானம் பன்னிரண்டு வாக்கில் உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். பத்து மணிக்கு நன்றாக இருந்தார், பன்னிரண்டுக்குப் போய்விட்டார் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். நல்ல சாவு. சோசி மட்டும் உணரிகளின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் கடைசியாகப் பதிவான நேரம் ஏழு நாற்பது.

*

இருவரும் நடந்தே போனார்கள். சந்துகளில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. கறிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி வாகேயின் கையைப் பிடித்து, "பத்து மணிக்குக்கூட மகளுக்கு விளக்குப் போட்டாராமே. அப்படி ஒரு மனுஷன்," என்றார். வாகே தலையாட்டினான். சோசி கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாலத்துக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். கீழே ஆறு என்ற பேரில் ஒரு சாக்கடை ஓடியது. பாதிப் பாலம்வரை முதல் வார்த்தையைத் தேடினாள்.

"அண்ணா, அந்த ஒட்டு இருக்கில்ல."

"எந்த ஒட்டு?"

"சுவர்ல."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" வாகே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். "அன்னைக்கு ஒன்பதரைக்கு அவர் எடுக்கலேன்னதும் எனக்குள்ள என்னவோ சரியில்லன்னு பட்டுது. எதிர்வீட்டுக்காரிக்குப் போன் பண்ணிக் கதவைத் தட்டச் சொல்லலாம்னு நம்பரைக்கூட எடுத்துட்டேன். அப்பத்தான் நீ சொன்னே, விளக்குப் போட்டார்னு. வெச்சுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டே மணி நேரம். என்ன பண்ணியிருந்தாலும் நடக்கறது நடந்திருக்கும். இல்ல? அந்த நெனப்பு மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் பைத்தியமாயிருப்பேன் சோசி."

சோசி கைப்பிடிச் சுவரை விட்டு விலகி நின்றாள். பயம்தான். மூன்று நாளில் அவள் உடம்பு உணர்ந்த ஒரே விஷயம் அதுதான்.

"நீ என்ன சொல்ல வந்தே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நடண்ணா, நேரமாகுது."

நேரமாக வேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள். மெதுவாக நடந்தாள். வழியில் நின்று, செருப்பில் இல்லாத கல்லை உதறினாள். பத்தைத் தாண்டிவிட்டால் போதும். ஆனால் வாகே நீளக் கால்காரன். கிடங்கு வாசலுக்கு வந்தபோது பத்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

காவலாளி ஹாதி கதவைத் திறந்தார். காட்சிக்கூடத்தை இன்றைக்கு மூடிவிட்டார்களாம், மரியாதைக்காக. "அல்லா அவருக்கு இரங்கட்டும்," என்று வாகேயின் தோளைத் தொட்டார். "சுவரை மட்டும் யாரும் அணைக்கச் சொல்லலம்மா. நானும் தொடல."

"நல்லது ஹாதி அண்ணே."

"காபி போடறேன்," என்று உள்ளே போனார்.

வாகே சுவருக்கு முன்னால் போய் நின்றான். எட்டு பத்து பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவன் இடமிருந்து வலம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இயந்திரங்களைச் சரிபார்க்கிறவன் பார்க்கிற பார்வை.

"நம்ம வீடு மாதிரியே வெச்சிருக்கே. இது சமையலறை. இது கூடம். அப்ப இது பால்கனி."

"ஆமா."

"இது எது? கூடத்துல எரியறது."

"ரேடியோ."

"ரேடியோவை நான் அணைச்சேனே. வர்றப்ப."

கெட்டில் பல்பு பிரகாசமாக எரிய ஆரம்பித்து முனகல் எழுந்தது. வாகே அவளைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். கெட்டில் அணைந்தது. பெரிய சுவர்க்கடிகாரத்தில் முள் பத்தில் ஏறியது. மேலே வலது மூலையில் பால்கனி பல்பு எரிந்து அணைந்தது. எரிந்து அணைந்தது. எரிந்து, கொஞ்சம் நின்று, அணைந்தது.

ஹாதி உள்ளே கரண்டியால் காபியைக் கலக்கும் சத்தம் கேட்டது.

"வீட்ல யாரு இருக்கா?" என்றான் வாகே.

"யாரும் இல்ல."

"அப்ப இது என்ன?"

"திங்கட்கிழமை."

அவன் காத்திருந்தான். சோசி சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. யாராவது வந்து கேட்கும்போது படைப்பை விளக்குவாளே, அதே குரல். வீட்டிலிருந்து செய்தி வரவில்லை என்றால் சுவர் முந்தின நாளைக் காட்டும் என்றாள். முந்தின நாளும் இல்லை என்றால் அதற்கு முந்தினதை. ரொம்ப நேரம் அறுந்துவிட்டால் வீட்டுப் பெட்டி உயிர் பெற்றாலும் அவள் வந்து கையால் இணைக்க வேண்டும். அவள் வரவில்லை. செவ்வாயிலிருந்து இந்தச் சுவரில் தினமும் பத்து மணிக்குத் திங்கட்கிழமைதான்.

"செவ்வாய்க்கிழமையும்?"

"செவ்வாய்க்கிழமையும்."

"எப்ப அறுந்துது?"

"ஏழு நாற்பது. கெட்டிலையும் ஹீட்டரையும் சேத்துப் போட்டிருக்கார். பிரேக்கர் விழுந்திருக்கு. தூக்கிவிடப் போயிருக்கார்."

ஏழு நாற்பதிலிருந்து பன்னிரண்டுவரை எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை வாகே. அவன் உதடு அசைந்தது. பிறகு பின்பக்கமாகத் தடவிப் பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறான் என்று சோசிக்குத் தோன்றியது.

"உனக்கு அன்னைக்கே தெரியும்."

"பிரேக்கரைப் பாத்தப்பவே தெரியும்."

"போன்ல சொல்றப்ப?"

"புள்ளி எரிஞ்சுது. பாத்தேன். கவனிக்கல."

சுவரைக் காட்டி, "அணை," என்றான்.

சோசி மேஜைக்குப் போனாள். ஒட்டை நீக்குவதற்கு ஒரே ஒரு கட்டளை. வீட்டுப் பெட்டியை இணைப்பதற்கு இன்னொன்று. இரண்டையும் தட்டினாள். மஞ்சள் புள்ளி போனது. சுவரில் ரேடியோ அணைந்தது, குளியலறை அணைந்தது, கூடம், படுக்கையறை என்று எல்லாம் அணைந்தது. கீழே இடது மூலையில் ஒரு சின்ன பல்பு மட்டும் எரிந்தது.

"அது?"

"ஃப்ரிட்ஜ்."

"அதுவும் திங்கட்கிழமையா?"

"இல்ல. இது இப்போ. இந்த நிமிஷம்."

ஃப்ரிட்ஜில் பாதி எலுமிச்சை இருந்தது. ஒரு கிண்ணம் தயிர், ஆலிவ், வேகவைத்த இரண்டு முட்டை. யாருக்கும் அதைக் காலிசெய்ய நினைப்பு வரவில்லை. சோசி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணனும் தங்கையும் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது.

"கம்ப்ரெசர் நின்னுடுச்சு," என்றான் வாகே. "பழைய ஃப்ரிட்ஜ். இருபது நிமிஷம் ஆகும் திரும்ப ஓட."

ஹாதி இரண்டு காபியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். சுவர் இருட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சோசியின் போன் அதிர்ந்தது. அத்தை. வெறும் கூடத்தில் அத்தையின் குரல் ஒலிபெருக்கி போட்ட மாதிரி கேட்டது.

"எங்கடி இருக்கீங்க ரெண்டு பேரும்? உடுப்பெல்லாம் குடுத்தாச்சு. டை நல்லா இருக்கு. இங்க பாதர் பக்கத்துலதான் இருக்கார், பேசறதை எழுதிட்டு இருக்கார். விளக்கை ரெண்டு தடவை போட்டாரா மூணு தடவையான்னு கேக்கறார். தப்பாச் சொல்லிடக் கூடாதாம்."

சோசி வாயைத் திறந்தாள். போனைக் காதிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அத்தை, "சோசி? ஹலோ? கேக்குதா?" என்றுகொண்டிருந்தாள்.

வாகே கையை நீட்டிப் போனை எடுத்தான்.

"மூணு அத்தை," என்றான். "மூணு தடவை."

போனை அணைத்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காபிக் கோப்பையை எடுத்தான், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டான். இன்னும் போய்க் குளிக்க வேண்டும், சவரம் செய்ய வேண்டும், ஒரு மணிக்குக் கோயிலில் முதல் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில், சுவரின் கீழ் இடது மூலையைப் பார்த்தபடி, ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிப்பதற்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள்.